ஆங்கிலத்தின் ஃபிரேசல் வேர்ப்களும் (வினையோடு அப், ஓஃப் போன்ற சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தருபவை) மரபுத்தொடர்களும் எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகின்றன. நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

பட்டியல் வைத்துப் படித்தவரை எனக்கும் மறந்துதான் போனது. பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்குப் பக்கத்தில், அலைச்சறுக்குக்குப் பெயர்போன அறுகம்குடாவில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் மூன்று பருவங்கள் இருந்தேன். அங்கே வெட்கப்பட்டுக் கற்றவை இன்றுவரை மறக்கவில்லை.

முதல் வாரமே ஒரு தம்பதி வந்து, 'கேன் யூ புட் அஸ் அப் ஃபோர் டூ மோர் நைட்ஸ்?' என்று கேட்டார்கள். புட் என்றால் போடு, அப் என்றால் மேலே. மாடி அறை கேட்கிறார்கள் என்று நானாக முடிவுசெய்து, பைகளையும் அலைச்சறுக்குப் பலகைகளையும் வியர்க்க வியர்க்கப் படியேற்றிவிட்டேன். இன்னும் இரண்டு இரவு தங்க இடம் தர முடியுமா என்றுதான் அவர்கள் கேட்டிருந்தார்கள்.

இன்னொரு நாள் ஒருவர் கடலிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தார். யாரோ தன்மேல் 'ட்ரொப்ட் இன்' என்றார். ட்ரொப் இன் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது என்று படித்திருந்தேன். நண்பர் தேடி வந்தால் நல்லதுதானே என்று சிரித்துவைத்தேன். அலைச்சறுக்கில் அதற்கு வேறு பொருள். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவர் எழுந்து வரும்போது இன்னொருவர் முன்னால் அதே அலையில் இறங்குவதுதான் ட்ரொப் இன். சந்தியில் வழிவிடாமல் முச்சக்கரவண்டியை நுழைப்பதைப் போன்ற குற்றம்.

இதெல்லாம் ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் 'தள்ளிப்போடு' என்பதை ஒரு வெள்ளைக்காரர் அகராதி பார்த்துப் படித்தால், எதையோ தள்ளி, பிறகு கீழே போடுவதாகத்தானே நினைப்பார்? ஆங்கிலத்தில் அதுவே 'புட் ஓஃப்'. 'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு. அந்த 'விடு' செய்யும் வேலையை 'ஈட் அப்', 'யூஸ் அப்' ஆகியவற்றில் 'அப்' செய்கிறது: மிச்சம் வைக்காமல் முடிப்பது. இது தெரிந்த பிறகு வினையை விட்டுவிட்டு அதன் வாலைக் கவனிக்கத் தொடங்கினேன். ஓஃப் வந்தால் பெரும்பாலும் ஏதோ விலகுகிறது, துண்டிக்கப்படுகிறது. எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. 'புட் அப்' என்னைப் படியேற்றியதே அதற்குச் சாட்சி.

பாடசாலை நமக்கு 'போஸ்ட்போன்' (தள்ளிப்போடு), 'டொலரேட்' (பொறுத்துக்கொள்) போன்ற லத்தீன் வழிச் சொற்களைத் தருகிறது. பேச்சில் வெள்ளைக்காரர்களோ அவற்றுக்கு முறையே புட் ஓஃப், புட் அப் வித் என்றே அதிகம் சொல்கிறார்கள்.

நம்மவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'புட் ஓஃப் த ட்ரிப்' சரி. ஆனால் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'புட் இட் ஓஃப்'. 'புட் ஓஃப் இட்' பிழை. 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்) போன்றவற்றைப் பிரிக்கவே முடியாது.

மரபுத்தொடர்களில் நான் கஞ்சன். மழை பூனையும் நாயுமாகக் கொட்டுகிறது என்ற தொடரைப் புத்தகம் புத்தகமாகச் சொல்லித்தருகிறார்கள். மூன்று பருவத்தில் ஒருவர் வாயிலும் நான் அதைக் கேட்கவில்லை. இங்கே மாரி தொடங்கும்போது விருந்தினர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள் என்பதும் உண்மைதான். மாலையில் கரையேறும்போது 'லெட்ஸ் கால் இட் எ டே' என்பதையோ நாள்தோறும் கேட்டேன். இன்றைக்கு இது போதும் என்று பொருள்.

கேட்டதை அன்றிரவே ஒரு கொப்பியில் முழு வாக்கியமாக எழுதுவேன். யார், எந்த நேரத்தில், எந்த முகத்தோடு சொன்னார் என்பதையும் சேர்த்து. பொருளை மட்டும் எழுதியவை எல்லாம் பறந்துவிட்டன.

மாடிக்கு நான் ஏற்றிய அந்தத் தம்பதி மறுநாள் காலை இறங்கி வந்து, பக்கத்து விடுதிப் பாட்டுச் சத்தத்தை 'வீ கான்ட் புட் அப் வித் இட்' என்றார்கள். அந்த முறை நான் எதையும் தூக்கவில்லை, கொப்பியைத்தான் எடுத்தேன்.