கேமரா, நோட்டீஸ், வெள்ளைச் சட்டை: பெங்களூரு பைக்காரர்களின் கேள்விகள்

அல்சூர் பக்கம் ஞாயிறு காலைகளில் இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழையில் ஓட்டுவது என்றுதான் பாடம் போகும். ஆனால் கேள்வி கேட்கச் சொன்னால் பாதிக்கு மேல் கேமராவையும் டிராஃபிக் போலீஸையும் பற்றித்தான் வருகின்றன. அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஏரியா பைக் ஓட்டுநர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். எங்கே கேமரா இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறார்கள் என்று உடனுக்குடன் சொல்லிக்கொள்கிறோம். இது தப்பா? (கம்மனஹள்ளி வாசகர்)

கேமரா இருக்கும் இடம் ஒன்றும் ரகசியம் இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். கேமரா கண்காணிக்கும் சாலைப் பகுதிக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது. பெங்களூரில் 2022 டிசம்பரில் புதிய கேமரா அமைப்பைத் தொடங்கியபோது, 50 பெரிய சந்திப்புகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் 250 கேமராக்களும், சிவப்பு சிக்னல் தாண்டுவதைப் பிடிக்கும் 80 கேமராக்களும் வைத்ததாக வெளிப்படையாகவே அறிவித்தார்கள். வேகம், சிக்னல், ஸ்டாப் லைன், ஹெல்மெட், டிரிபிள்ஸ், ஓட்டும்போது போன் எல்லாமே அதில் பதிவாகும்.

உங்கள் குழுவில் வரும் செய்தியைப் படித்தவர் சாலையில் என்ன செய்கிறார் என்பதுதான் என் கவலை. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு நாள் எனக்கு முன்னால் போன பையன், தூரத்தில் டிராஃபிக் போலீஸின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வந்த பக்கமே வண்டியைத் திருப்பினான். அவன் தலையில் ஹெல்மெட் இல்லை. பின்னால் ஸ்கூட்டரில் வந்த அம்மா அவன் மேல் மோதி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. 500 ரூபாய் அபராதத்துக்குப் பயந்த பையனால், ஒரு தவறும் செய்யாத அம்மா ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டவன் நான், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

குழுவைக் கலைக்க வேண்டாம். மழைக்குப் பிறகு எந்த அண்டர்பாஸில் தண்ணீர் நிற்கிறது, எந்த ஃப்ளைஓவர் இறக்கத்தில் மணல் கொட்டிக் கிடக்கிறது, எந்தப் பள்ளத்தை இன்னும் மூடவில்லை என்று எழுதுங்கள். ஓட்டிக்கொண்டே அதைப் படிக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டரில் 62 காட்டினால் நோட்டீஸ் வருமா? பெங்களூரில் பைக்குக்கு என்னதான் வேக வரம்பு? (எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, மாநகர எல்லைக்குள் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலையில் 80. மாநில அரசு இதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே சாலையோரப் பலகையில் 40 என்று இருந்தால் அங்கே 40தான். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது தயாரிப்பு விதி. அதனால் பெரும்பாலான வண்டிகளில் முள் கொஞ்சம் கூட்டியே காட்டும். அந்த இடைவெளியை நம்பி ஓட்டாதீர்கள். கர்நாடகத்தில் பைக்குக்கு வேக அபராதம் 1,000 ரூபாய்.

ஆனால் நான் வகுப்பில் சொல்லும் கணக்கு வேறு. 60-இல் போகும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். குறுக்கே ஒருவர் வந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக்கைத் தொடும் முன்பே 25 மீட்டர் தாண்டியிருப்பீர்கள். 40-இல் அதே நேரத்துக்கு 17 மீட்டர்தான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தெருக்களில் 25 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே நடக்கிறார்கள் என்று ஒரு தடவை நின்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் நடுச்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். எந்த வேகத்தில் போனாலும் சரி, மேலே ஏறினாலே தவறு.

வண்டி வீட்டில் நின்றிருந்த நாளில், நகரத்தின் இன்னொரு மூலையில் ஹெல்மெட் போடவில்லை என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. 500 ரூபாய்தானே, கட்டிவிடலாமா? (பனசவாடி வாசகர்)

கட்டாதீர்கள். கட்டினால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

முதலில் போக்குவரத்துக் காவல்துறை இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி என்ன மாடல், என்ன நிறம், பிளேட்டில் எழுத்து எப்படி இருக்கிறது, தேதியும் நேரமும் இடமும் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமரா எண்ணைத் தப்பாகப் படிப்பது உண்டு. அழுக்கோ திருகாணியோ எண்ணின் மேல் உட்கார்ந்துவிட்டால் 3-ஐ 8 என்று எடுத்துக்கொள்ளும். எனக்கே அப்படி வந்தது. படத்தில் இருந்தது ஒரு வெள்ளை ஸ்கூட்டர், என்னுடையது கறுப்பு பைக். நேரில் போனபோது அங்கிருந்த ஊழியர், "கட்டிட்டுப் போங்க சார், எதுக்கு அலையிறீங்க" என்றார். நான் கட்டவில்லை. என் வண்டிப் படத்தையும் ஆர்.சி. நகலையும் வைத்து எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுபடியும் ஒரு தடவை போக வேண்டியிருந்தது, ஆனால் நோட்டீஸை ரத்து செய்தார்கள். அரை நாள் வேலை போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் செய்யாத தவறு என் பெயரில் பதிவாகி நிற்பதை ஏற்க முடியவில்லை.

நீங்களும் பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் அஸ்திரம் ஆப்பிலோ, இன்ஃபன்ட்ரி ரோட்டில் உள்ள போக்குவரத்து மேலாண்மை மையத்திலோ புகார் கொடுக்கலாம். 167-ஏ விதிப்படி, தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், படமும் இடமும் நேரமும் அதில் இருக்க வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் அதையும் எழுதுங்கள். படத்தில் உள்ள வண்டி உங்களுடையதைப் போலவே இருந்து, எண்ணும் அதேதான் என்றால், யாரோ உங்கள் எண்ணைத் தங்கள் வண்டியில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது தாமதிக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி நாளை வேறு குற்றத்தில் சிக்கினால் அது உங்களைக் காப்பாற்றும்.

அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. திறக்கலாமா?

வேண்டாம். அரசு அபராத நோட்டீஸ் ஏ.பி.கே. ஃபைலாக, அதாவது போனில் ஆப்பை நிறுவும் ஃபைலாக வராது. அதை நிறுவினால் போனில் வரும் ஓ.டி.பி.யெல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். வண்டி எண்ணை நீங்களே அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், முகவரி கவ்.இன் (gov.in) என்று முடிய வேண்டும். ஏற்கெனவே திறந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.

கிருஷ்ணகிரியில் பதிவான டி.என். 24 வண்டி வைத்திருக்கிறேன். பொம்மசந்திராவில் வேலை. அடிக்கடி நிறுத்துகிறார்கள், கன்னடம் சரியாகப் பேச வராது. பயமாக இருக்கிறது. (அத்திப்பள்ளி வாசகர்)

தம்பி, உன்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ஓசூர் ரோட்டில் வந்து போகிறார்கள். வெளிமாநில எண் வைத்திருப்பது குற்றம் இல்லை. வண்டியை இங்கேயே நிரந்தரமாக வைத்து ஓட்டினால்தான், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி 12 மாதத்துக்குள் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்றால் இப்போதே அந்த வேலையைத் தொடங்கு.

சீருடையில் உள்ள காவலர் கை காட்டினால் நிற்பது நம் கடமை. இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரமாக மெதுவாக நிறுத்து. ஹெல்மெட்டின் முகத்தடுப்பைத் தூக்கு. "நமஸ்கார சார், ஏனு தப்பாய்து?" என்று கேள். என்ன தவறு என்று கேட்கத்தான் அந்த வார்த்தை, மரியாதையாகவும் இருக்கும். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் காட்டலாம், அது சட்டப்படி செல்லும். அபராதம் போட்டால் "ரசீதி கொடி சார்" என்று சொல். கையில் உள்ள மெஷினிலிருந்து ரசீது வரும். இடத்திலேயே அபராதம் வசூலிக்க ஏ.எஸ்.ஐ. (உதவி சப்-இன்ஸ்பெக்டர்) அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ளவருக்குத்தான் அதிகாரம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. பாதி கொடுத்துப் பேசி முடிக்கவும் பார்க்காதே. லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான்.

அவர்களுக்கும் வரம்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் விதிமீறல் இல்லாமல் ஆவணம் பார்ப்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது, குடிபோதைச் சோதனை மட்டும் விதிவிலக்கு என்று 2022 ஜூனில் அப்போதைய மாநில டி.ஜி.பி. பிரவீன் சூத் அறிவித்தார். 2025 மே மாதம் மண்டியாவில் ஹெல்மெட் சோதனைக்காகப் பைக்கை நிறுத்தியபோது பெற்றோரோடு வந்த சின்னக் குழந்தை கீழே விழுந்து இறந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போன குழந்தை அது. ஓடும் வண்டியின் முன் பாய்வதும் சாவியைப் பிடுங்குவதும் எவ்வளவு ஆபத்து என்பதை அந்த மரணத்தைவிட வேறு எதுவும் சொல்ல முடியாது. அப்படி உனக்கு நடந்தால் சத்தம் போடாமல் இடம், நேரம், சட்டையில் உள்ள பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுது.

நம்பர் பிளேட்டில் மாஸ்க் மாட்டிக்கொள்வது, ஒரு எண்ணின் மேல் டேப் ஒட்டுவது பற்றி?

இதை ஐடியா என்று என்னிடம் சொல்பவர்களிடம் நான் கோபப்படுகிறேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை மர்பி டவுனில் ஒரு பைக் இடித்துவிட்டு நிற்காமல் போனது. பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்தும் எண்ணைச் சொல்ல முடியவில்லை, பிளேட்டில் துணி கட்டியிருந்தது. அவர் இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். பிளேட்டை மறைத்துப் பிடிபட்டால் அபராதத்தோடு நிற்காது, கிரிமினல் வழக்கும் வரும்.

ஆம்புலன்ஸுக்கு வழி விட ஸ்டாப் லைனைத் தாண்டினேன். கேமரா பிடித்துவிட்டது.

நீங்கள் செய்தது சரி. வழி விடாமல் இருந்தால்தான் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. எந்த நேரம், எந்தச் சந்திப்பு என்று குறித்து, ரத்து செய்யச் சொல்லி ஆப்பில் புகார் கொடுங்கள். அந்த வீடியோவிலேயே பின்னால் ஆம்புலன்ஸ் தெரியும். ஒன்று மட்டும்: ஒரு வண்டி நீளம் முன்னால் போய் ஒதுங்கினாலே போதும், சிவப்பில் முழுச் சந்திப்பையும் கடக்க வேண்டாம்.

பழைய அபராதம் 4,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பாதித் தள்ளுபடி மறுபடி வரும் என்கிறார்கள், காத்திருக்கலாமா? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

2023 பிப்ரவரியில் வந்தது, 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரையும் வந்தது. அடுத்தது எப்போது என்று நம்பி உட்காராதீர்கள். பாக்கி இருக்கும்போது வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ போனால் அங்கே நிற்கும். 2025 தொடக்கத்தில் இதே ஊரில் 300க்கும் மேல் வழக்கு இருந்த ஒரு ஸ்கூட்டரைப் பிடித்தார்கள். அதன் மேல் அபராதம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. பழைய வண்டி வாங்குபவர்களும் முன்பணம் கொடுக்கும் முன் எண்ணைப் போட்டுப் பாக்கியைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வயதுப் பையனை முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். சின்னக் குழந்தைக்கு ஹெல்மெட் கேட்பார்களா? (லிங்கராஜபுரம் வாசகி)

கேட்பார்கள் அக்கா, கேட்கவும் வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவர் உடம்போடு குழந்தையைச் சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி 15 முதல் இது விதி. 4 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட். முன்னால் நிற்க வைப்பதை இன்றே நிறுத்துங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் குழந்தையின் முகம்தான் ஹேண்டில்பாரில் மோதும்.

ஹெல்மெட் வாங்கப் போகும்போது பையனையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிவிட்டு மெதுவாக இடம் வலமாக ஆட்டுங்கள், தலை தனியாகவும் ஹெல்மெட் தனியாகவும் ஆடினால் அளவு பெரிது. ஸ்ட்ராப் போட்ட பிறகு தாடைக்குக் கீழே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. நிறத்தைப் பையனே தேர்ந்தெடுக்கட்டும். அப்போதுதான் தினமும் காலையில் அழாமல் போட்டுக்கொள்வான்.