பெய்லிஃப் கடிதம் வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டவற்றில் அவசரமானது ஒன்றுதான். மாஸ்டர்ஸ் படிக்க மனைவியோடு லண்டன் வந்து, படிப்பு முடிந்து, இப்போது கிராஜுவேட் விசாவில் இருக்கிறீர்கள். உள்ளூர் கவுன்சில் வீட்டுக்கு வாங்குகிற வரியான கவுன்சில் டாக்ஸ் கடிதங்களைப் பிறகு பார்க்கலாம் என்று மேசையில் அடுக்கிவிட்டீர்கள். இப்போது கடன் வசூலிக்க ஆள் அனுப்புகிற பெய்லிஃப் கம்பெனி ஒன்று 1,400 பவுண் கேட்டு ஏழு நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கதவை உடைப்பார்களா, விசா போய்விடுமா, கார் எடுக்கலாமா, லண்டனை விட லெஸ்டர் நல்லதா என்று கேட்கிறீர்கள். லெஸ்டரைப் பற்றி லெஸ்டரில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கவுன்சில் டாக்ஸ் கடன் குற்றப்பதிவு அல்ல. விசா பற்றி அதற்கு மேல் சொல்ல நான் வக்கீல் இல்லை. நான் கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

கவுன்சில் டாக்ஸுக்காக முதல் தடவை வருகிற பெய்லிஃப் உங்கள் வீட்டுக் கதவை உடைக்க முடியாது. உங்களைத் தள்ளிக்கொண்டு நுழைய முடியாது, கதவிடுக்கில் காலை வைத்து மறிக்க முடியாது, ஜன்னலால் ஏற முடியாது. ஆனால் பூட்டாத கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே வரச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் முன்கதவு மட்டுமல்ல, பின்கதவும் பூட்டியிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையில் எப்போதும் வரலாம். கடிதம் போடுகிற துளை வழியாகப் பேசுங்கள், அல்லது மேல்மாடி ஜன்னலிலிருந்து பேசுங்கள். அடையாள அட்டையை அந்தத் துளையால் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் உள்ள பெய்லிஃப்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

இதை உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் சொல்லிவைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுவது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். டை கட்டிய ஆள் சிரித்த முகத்தோடு, “உள்ளே வந்து இரண்டு நிமிடம் பேசலாமா” என்று கேட்டால் நம் ஆட்கள் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவார்கள். உள்ளே வந்தவர் முதலில் செய்வது சாமான்களைப் பட்டியல் போடுவது. பிறகு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார். கையெழுத்துப் போட்ட பிறகு தவணை தவறினால் அடுத்த தடவை கதவை உடைக்கவும் அவருக்கு உரிமை வந்துவிடும். அந்த ஒரு கையெழுத்தில்தான் எல்லாம் மாறுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கிழக்கு லண்டனில் ஒரு வீட்டில் இருந்தேன். மூன்று அறை, எட்டுப் பேர். பாதிப் பேர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, ஒருவர் எழும்பினால் அந்தக் கட்டிலில் மற்றவர் படுப்பார். வீடு ஒரு அண்ணையின் பெயரில் இருந்தது. வாரா வாரம் வாடகையோடு கவுன்சில் டாக்ஸ் என்று தனியாகவும் எங்களிடம் வாங்கினார். வாங்கிய காசைச் சீட்டில் போட்டார், கவுன்சிலுக்குக் கட்டவில்லை. ஒருநாள் விடியப் பொழுதில் கதவில் இடி. அப்போது வவுனியாவிலிருந்து புதிதாக வந்த பெடியன் ஒருவன் கூடத்தில் படுத்திருந்தான். விடியற்காலையில் கதவு தட்டினால் அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான், இராணுவச் சுற்றிவளைப்பு. கதவை விரியத் திறந்து, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். வந்தவர்கள் ரீவியையும் வீடியோ டெக்கையும் எழுதிக்கொண்டு போனார்கள். ரீவி அண்ணையினுடையது இல்லை, மேல் அறைப் பொடியன் கடனுக்கு வாங்கியது. ரசீது இருந்தபடியால் தப்பியது. கடன்காரர் அல்லாதவருடைய பொருளை எடுக்கக் கூடாது, ஆனால் அதை நிரூபிக்கிற வேலை நம் தலையில்தான் விழும். அந்த அண்ணைக்கு இன்று மூன்று வீடு. அறை அறையாக வாடகைக்கு விட்டு, “பில் எல்லாம் வாடகைக்குள்” என்று புதுப் பிள்ளைகளிடம் சொல்கிறார் என்று கேள்வி. கோயிலில் பார்த்தால் முதல் வரிசையில் நிற்பார்.

இங்கிலாந்தில் ஒரு வீட்டை அறைகளாகப் பிரித்துத் தனித்தனி ஒப்பந்தத்தில் கொடுத்தால் கவுன்சில் டாக்ஸ் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பு. முழு வீட்டையும் நீங்கள் சேர்ந்து எடுத்திருந்தால் ஒப்பந்தத்தில் பெயர் உள்ள எல்லோரும் பொறுப்பு, ஒருவர் ஓடினாலும் மற்றவரிடம் முழுத் தொகையும் கேட்கலாம். “எனக்குத் தெரியாது, நம்ம ஆள் பார்த்துக்கொள்வார்” என்பதை நம்பாதீர்கள். நம்ம ஆள் என்பதாலேயே நம்பியவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

காசு எப்படி ஏறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பில் வழக்கமாக ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை பத்துத் தவணை. பெப்ரவரியும் மார்ச்சும் கேட்காததால் புதிதாக வந்தவர்கள் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். பன்னிரண்டாகப் பிரித்துத் தரக் கேட்கலாம், கேட்டால் தருவார்கள். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம், ஏழு நாள். அதற்குள் கட்டாவிட்டால் தவணை வசதி போய், வருடத்தின் மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அப்புறம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குச் சம்மன். அங்கே ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு, இந்தக் கடனைக் கட்ட வேண்டியவர் இவர் என்று பொறுப்பு ஆணை கொடுப்பார்கள், கோர்ட் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். அதன் பிறகுதான் பெய்லிஃப். 2014 ஏப்ரலில் வந்த விதிகள் கட்டணத்தைக் கட்டம் கட்டமாக வைத்தன: கடிதக் கட்டத்தில் 75 பவுண், வீட்டுக்கு ஆள் வந்தால் இன்னும் 235, கடன் 1,500ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு ஏழரை வீதம். நீங்கள் இப்போது முதல் கட்டத்தில் நிற்கிறீர்கள். இந்த ஏழு நாளுக்குள் பேசித் தவணை போட்டால் அந்த இரண்டாவது கட்டணம் வராது. பேசியதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்துங்கள், காசைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கட்டுங்கள்.

ஆனால் கட்டுவதற்கு முன் இன்னொன்று. அந்த 1,400 சரியான தொகை என்று நான் நம்பவில்லை. முழுநேர மாணவருக்குக் கவுன்சில் டாக்ஸ் கணக்கில் விலக்கு உண்டு. வேலை செய்யவோ அரசு உதவி கேட்கவோ விசா தடுக்கிற, மாணவரின் மனைவியோ கணவனோகூட மாணவரோடு சேர்ந்து கணக்கிலிருந்து விலக்கப்படுவார்கள். பல்கலைக்கழகத்திடம் கவுன்சில் டாக்ஸ் சான்றிதழ் கேளுங்கள், அதில் படிப்புத் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் இருக்கும். அதைக் கவுன்சிலுக்கு அனுப்பினால், நீங்கள் மாணவராக இருந்த மாதங்களைக் கழிக்க வேண்டியிருக்கும், கோர்ட் ஆணை வந்த பிறகும்கூட. படிப்பு முடிந்த நாளிலிருந்துள்ளது மட்டும் உங்கள் கடன். இதை வருடா வருடம் பார்க்கிறேன். விலக்கு உள்ள காலத்துக்கும் சேர்த்து, சீட்டு எடுத்தும் மீற்றர் வட்டிக்கு வாங்கியும் கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வட்டிக்குக் கொடுப்பவரும் நம்ம ஆள்தான், அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

குறைந்த வருமானத்துக்கான கவுன்சில் டாக்ஸ் குறைப்பை நீங்கள் கேட்கக் கூடாது. அது ‘பொது நிதி’ என்று சொல்கிற அரசு உதவியில் சேரும், உங்கள் விசாவில் அதற்குத் தடை இருக்கும். வீட்டில் வயது வந்த ஒருவர் மட்டும் இருந்தால் கிடைக்கிற 25 வீதக் கழிவு பொது நிதி அல்ல, உங்களுக்கு இப்போது பொருந்தாது என்றாலும் தெரிந்து வைத்திருங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. “நான் சம்மதிக்கவில்லை, கவுன்சிலோடு எனக்கு ஒப்பந்தம் இல்லை” என்று எழுதித் திருப்பி அனுப்பினால் கடன் போய்விடும் என்று ஒருவர் பேராசிரியர் மாதிரி விளக்குகிறார். அந்தக் காகிதத்தை எந்தக் கோர்ட்டும் மதிப்பதில்லை. சிறைக்குப் போடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்களையும் விட்டுவிடுங்கள். வேண்டுமென்றே கட்டாதவரை மூன்று மாதம் வரை உள்ளே போட இங்கிலாந்தில் சட்டம் இருக்கிறது, ஆனால் பெய்லிஃப் அதைச் செய்ய முடியாது. அதற்குத் தனி விசாரணை நடந்து உங்கள் வருமானத்தைப் பார்க்க வேண்டும். வேல்ஸில் 2019ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இலவசமாக உதவி கேட்க சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன் (National Debtline) என்ற ஆலோசனை அமைப்புகள் இருக்கின்றன. கடன் ஆலோசகர் மூலம் 2021 மே மாதத்திலிருந்து உள்ள மூச்சு விடும் அவகாசத் (Breathing Space) திட்டத்தில் 60 நாள் பெய்லிஃபை நிறுத்திவைக்கலாம், கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் அதில் அடங்கும். கிளாஸ்கோவில் உள்ள உங்கள் சிநேகிதருக்கு இதை அப்படியே அனுப்பாதீர்கள், ஸ்கொட்லாந்தில் ஷெரிஃப் ஆபிசர்கள் வருவார்கள், அங்கே நடைமுறையே வேறு.

கார்? இப்போது எடுக்காதீர்கள். வீட்டுக்குள் வர முடியாத பெய்லிஃப் தெருவில் நிற்கிற உங்கள் காரின் சக்கரத்தைப் பூட்டிக் கிளாம்ப் போட்டுவிட்டுப் போகலாம், அதற்குக் கதவு தட்டவும் தேவையில்லை. வேலைக்கு அவசியமான வாகனம் 1,350 பவுணுக்குள் இருந்தால் விட வேண்டும், ஆனால் அந்த விலைக்கு ஓடுகிற கார் கிடைப்பது கடினம். அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் மெத்தை இவற்றை எடுக்கக் கூடாது.

ஏழு நாள் என்பதில் ஞாயிற்றுக்கிழமையும் வங்கி விடுமுறையும் சேராது, நோட்டீஸ் வந்த நாளும் சேராது. நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு இன்றைக்கே எழுதுங்கள், சான்றிதழ் வரும்வரை கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லி கவுன்சிலுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். கவுன்சில் என்ன பதில் சொன்னது என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள்.