பாரம்பரியக் காய்கறிகளிலும் பூக்களிலும் சில கருநிறமாக இருப்பது ஏன்?

பாரம்பரிய ரகம் என்பது, இயல்பான மகரந்தச் சேர்க்கையால் உருவாகி, விதையெடுத்து விதைத்தால் தாய்ச்செடியின் குணங்களையே மீண்டும் தருகின்ற, தலைமுறைகளாகக் காக்கப்பட்டுவந்த ரகமாகும். இவற்றுள் கருநிறமாகத் தெரிபவற்றில் பெரும்பாலும் உண்மையான கறுப்பு நிறமி இருப்பதில்லை. கத்தரிக்காயின் தோலிலும் ஊதா கேரட்டிலும் கருஞ்சிவப்பு ஹாலிஹாக் பூவிலும் ஆந்தோசயனின் என்னும் நிறமி மிக அடர்த்தியாகச் சேர்வதே காரணம்.

செரோக்கி பர்ப்பிள் போன்ற கருந்தக்காளிகள் வேறு வகை. என் பார்வையில் இவையே மிகவும் வியப்பானவை. மற்றத் தக்காளிகளில் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து மறைகிறது. இவற்றிலோ அது முழுமையாக மறையாமல், சிவப்பு நிறமியான லைக்கோபீனுடன் சேர்ந்தே தங்கிவிடுகிறது. சிவப்பு வண்ணத்தில் பச்சையைக் கலந்தால் மங்கிய பழுப்பு கிடைப்பதைப் போன்றதே இது. ஆகவே, காம்பருகே பச்சை மறையட்டும் என்று காத்திராமல், பழம் சற்று மென்மையானதும் பறித்துவிட வேண்டும்.

விதை சேமிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே செய்யும், ஆனால் ஹாலிஹாக்கிலும் கேரட்டிலும் வெவ்வேறு ரகங்களின் மகரந்தத்தைப் பூச்சிகள் எளிதில் கலந்துவிடும் என்பதால், அவை ஒவ்வொன்றிலும் விதைக்கென ஒரு ரகத்தை மட்டும் பூக்கவிடுவது நல்லது.

கருநிறம் என்றாலே மரபணு மாற்றம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பாரம்பரியக் கருநிற ரகங்கள் அத்தொழில்நுட்பம் தோன்றுவதற்கு முன்பே தோட்டங்களில் வளர்ந்தவை.