உண்ணிக் காய்ச்சல்: கறவை மாட்டுக்காரர்களுக்குக் கேள்வி பதில்

ஈரோடு: டெல்டாமெத்ரின் ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி ஊத்தி அடிச்சேன். நாலே நாள்ல திரும்ப உண்ணி. மருந்து போலியா?

மருந்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி மூடியைத் தூக்கிப் போடுங்க. 1.25 சதவீத மருந்துன்னா லிட்டருக்கு 2 மில்லி, 10 லிட்டர் ஸ்பிரேயருக்கு 20 மில்லி. ஊசி போடுற சிரிஞ்சுல அளந்து ஊத்துங்க. கம்மியா ஊத்தினா சொத்தை உண்ணி சாகும், திடமானது தப்பிச்சு முட்டை போடும். அந்தக் குஞ்சுகளுக்கு அடுத்த வருஷம் சரியான அளவு அடிச்சாலும் உறைக்காது.

பெரிய மாட்டுக்கு மூணு நாலு லிட்டர் கரைசல் வேணும். முடி நனைஞ்சா போதாது, தோல் நனைஞ்சு வயித்துல சொட்டணும். அலைதாடி, முன்னங்கால் சந்து, மடிக்கும் தொடைக்கும் நடுவுல, வாலடி, இந்த இடங்களைத்தான் எல்லாரும் விடுறீங்க. காதுக்குள்ள அடிக்காம கரைசல்ல நனைச்ச துணியால துடைங்க. முதல்ல வயிறு நிறையத் தண்ணி காட்டிட்டு அடிங்க, தாகத்துல உடம்பை நக்காது. பால் கறந்த பிறகு அடிங்க, அடுத்த கறவைக்கு முன்னாடி மடியைக் கழுவுங்க. மிச்சக் கரைசல் குளத்துப் பக்கம் போகவே கூடாது, மீன் செத்து மிதக்கும்.

நாலாம் நாள் பார்த்தது எந்த அளவுன்னு நீங்க சொல்லல. ஆமணக்கு விதை மாதிரி கொழுத்திருந்தா பெரும்பாலும் உங்க ஸ்பிரேக்குத் தப்பினது. கடுகை விடச் சின்னதா இருந்தா கொட்டகையிலிருந்தோ மேய்ச்சல்லயோ புதுசா ஏறினது. சாதாரண மாட்டு உண்ணி குஞ்சா ஏறி, கொழுத்து விழ மூணு வாரம் ஆகும். விழுந்த ஒரு பெட்டை 2,000, 3,000 முட்டை போடும். அதனால உண்ணிக் காலத்துல மூணு வாரம் தாண்டாம மறுபடி அடிங்க. தெய்லேரியாங்கிற ரத்தக் கிருமியைப் பரப்புற ஹயலோமா உண்ணி வேற ரகம், சுவர் வெடிப்புல போய் ஒளிஞ்சுக்கும். மாட்டுக்கு அடிக்கிற அன்னிக்கே தரை, தீனித்தொட்டியோட அடிப்பக்கம், ஆறடி உயரம் வரைக்கும் சுவர், எல்லாத்துக்கும் அடிங்க. வெடிப்பைச் சிமெண்டால பூசிச் சுண்ணாம்பு அடிங்க.

திருவண்ணாமலை: ஜெர்சி கலப்பு. 105 டிகிரி காய்ச்சல். மூணு நாளா காய்ச்சல் ஊசி போட்டும் இறங்கல.

முன்னங்கால் தோள்பட்டைக்கு முன்னாடி கையை வெச்சு அழுத்திப் பாருங்க. எலுமிச்சை அளவுக்கோ அதுக்கு மேலயோ நெறி கட்டியிருந்தா முதல் சந்தேகம் தெய்லேரியா. மூத்திரம் காபி டிகாஷன் மாதிரி போனா பபேசியா, இதுவும் உண்ணி பரப்புற ரத்தக் கிருமிதான். நெறியும் இல்லாம, மூத்திரமும் சரியா இருந்து, ஈறும் கண்ணும் வெளுத்தோ மஞ்சளாவோ இருந்து, சாணி இறுகினா அனாபிளாஸ்மா, அதே மாதிரி மூணாவது கிருமி. இது பார்வைக் கணக்குதான், முடிவு சொல்ல ரத்தப் பரிசோதனை வேணும். காது நரம்புல ஒரு சொட்டு எடுத்து மெல்லிசா சிலைடுல இழுத்து, காத்துல உலர்த்திக் கொடுத்தா போதும். மருந்து போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும்.

மூணுக்கும் மருந்து வேற வேற. தெய்லேரியாவுக்கு புபார்வகோன், பபேசியாவுக்கு டிமினசீன், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். புபார்வகோன் 20 கிலோ எடைக்கு 1 மில்லி, கழுத்துத் தசையில. எடையைக் கண்ணால மதிக்காதீங்க. நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்துல அளந்து, அதை அதாலயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையிலான நீளத்தால பெருக்கி, 660ஆல வகுங்க. 65, 55 அங்குலம்னா சுமார் 350 கிலோ, 17.5 மில்லி. ஒரே இடத்துல 10 மில்லிக்கு மேல போகக் கூடாது, ரெண்டா பிரிக்கணும். இது டாக்டர் போட வேண்டிய ஊசி. இன்னிக்கே கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்குக் கூப்பிடுங்க.

தாராபுரம்: காங்கேயம் வெச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. ஜெர்சியை வித்துட்டு நாட்டு மாடு வாங்கச் சொல்லுங்க.

பாதி சரி. நாட்டு மாட்டுத் தோல்ல உண்ணி குறைவாத்தான் தங்கும், நோய் வந்தாலும் பெரும்பாலும் லேசா வந்து போயிடும். ஆனா ‘தொல்லையே இல்ல’ன்னு சொல்லாதீங்க. தேறின மாட்டு ரத்தத்துல கிருமி கொஞ்சம் தங்கிடும். அதைக் குடிச்ச உண்ணி பக்கத்துல கட்டியிருக்கிற ஜெர்சி மேல ஏறினா போதும்.

தாராபுரம்: அப்ப தப்பு ஜெர்சியோடதா, காங்கேயத்தோடதா?

உண்ணியோடது. 1893லேயே அமெரிக்காவுல ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் காய்ச்சலுக்கு, அதாவது பபேசியாவுக்கு, இதைத்தான் நிரூபிச்சாங்க. தெற்கத்தி மாடு நல்லாத்தான் இருக்கும், அது போன வழியில வடக்கத்தி மாடு சாகும். நடுவுல இருந்தது உண்ணி.

பொள்ளாச்சி: வேம்பு இருக்கும்போது விஷம் எதுக்கு?

உண்ணி கொஞ்சமா இருந்தா மூலிகை தாராளமா போதும். பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம். அரைச்சு ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி வடிகட்டி, வெயில் நேரத்துல வாரம் ஒரு தடவை அடிங்க. வடிகட்டின சக்கையை மாட்டுக்கு எட்டுற இடத்துல போடாதீங்க. உண்ணிச்செடி இலை உள்ள போனா ஈரல் கெடும், வெயில் பட்டுத் தோல் உரியும்.

பொள்ளாச்சி: அதையே காய்ச்சல் வந்த மாட்டுக்கு அடிச்சா?

உண்ணி விழும். ரத்தத்துக்குள்ள இருக்கிற கிருமி விழாது.

நாமக்கல்: உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஒரே ஊசி, வேலை முடிஞ்சுதுன்னு கடைக்காரர் சொல்றார்.

கறவை மாட்டுக்கு வேண்டாம், மருந்து பால்ல வரும். வத்தின மாட்டுக்கு டாக்டர் சொன்னா போடலாம்.

விழுப்புரம்: பழைய என்ஜின் ஆயில் தடவலாமா?

கூடாது. தோல் புண்ணாகும், நக்கினா வயித்துக்குள்ள போகும்.

தேனி: கன்னுக்குத் தடுப்பூசி உண்டா?

தெய்லேரியாவுக்கு உண்டு. ரெண்டு மாசம் தாண்டின கன்னுக்கு 3 மில்லி, தோலுக்கடியில. உயிருள்ள மருந்து, திரவ நைட்ரஜன்ல வெச்சுத்தான் கொண்டு வரணும். அதனால கடையில கிடைக்காது, கால்நடை மருந்தகத்துல கேளுங்க. பபேசியாவையும் அனாபிளாஸ்மாவையும் அது தடுக்காது. ஸ்பிரேயரை மூட்டை கட்டிடாதீங்க.

கரூர்: கையால பிடுங்கி நசுக்கலாமா?

பிடுங்கலாம், வெறும் கையால நசுக்கக் கூடாது. ஹயலோமா உண்ணி கொண்டு வர்ற கிரிமியன்-காங்கோ காய்ச்சல் 2011ல குஜராத்துல மனுசங்களையே கொன்னிருக்கு. கையுறை போட்டு எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவுல போடுங்க.

அரியலூர்: கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின்?

நாமக்கல்காரருக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

கடலூர்: நாய்க்கு உண்ணி...

இங்க மாடு மட்டும்.

சேலம்: அமிட்ராஸ் உண்ணி மருந்து 12.5 சதவீதம் ஒரு மூடி போதுமா?

மூடி, மூடி, மூடி! லிட்டருக்கு 2 மில்லி. சிரிஞ்சு எடுங்க.