முயலுக்கு முன்னால் பணம் வரட்டும்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் முயல் வளர்க்க ஆசைப்படுகிறாள். கடையில் ஜோடி 700 ரூபாய், கூண்டு 1,500 ரூபாய் என்கிறார்கள். அவள் உண்டியலிலேயே 2,300 ரூபாய் இருக்கிறது. எங்களுக்கு மாத வருமானம் 38,000 ரூபாய், வாடகை வீடு. 60,000 ரூபாய் நகைக் கடனை ஆகஸ்டில் அடைக்க வேண்டும். அதற்காக 40,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கிறோம். கோடை விடுமுறைக்குள் முயல் வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாங்கித் தாருங்கள், ஆனால் ஏப்ரலில் வேண்டாம். ஆகஸ்டில் வாங்குங்கள். அதுவும் ஜோடியாக வேண்டாம்.

ஜோடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டி முயலில் ஆண் எது, பெண் எது என்பதில் கடைக்காரரே தவறிவிடுவது உண்டு. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். கருத்தடை செய்யாமல் ஜோடி வாங்கினால் சில மாதத்தில் உங்கள் பட்ஜெட் கையை விட்டுப் போய்விடும். முயல் துணை தேடும் பிராணிதான், மறுக்கவில்லை. ஒன்றை ஒரு வருடம் நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு, கருத்தடை செய்த இன்னொன்றைச் சேர்க்கலாம்.

இனி செலவுக்கு வருவோம். நல்ல பராமரிப்பில் முயல் எட்டுப் பத்து வருடம் இருக்கும். அதாவது உங்கள் மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது அதற்கு ஐந்தாறு வயது. அப்போது பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள். ஒரு முயலுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று நான் மதிப்பிடுகிறேன். வருடத்துக்கு 24,000, எட்டு வருடத்துக்கு 1,92,000. வாங்கும் விலை இதில் ஒரு மூலைக்குக்கூட வராது.

தீனியில் பெரும்பங்கு உலர்ந்த புல்தான். முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். வெளிநாட்டு டிமோத்தி புல் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், அருகம்புல்லைக் கட்டாக வாங்கிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குதிரை மசால் என்ற தீவனப் பயிர் குட்டிகளுக்குச் சரி. வளர்ந்த முயலுக்கு அதில் கால்சியம் அதிகம். கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

மருத்துவச் செலவில்தான் பலர் சறுக்குகிறார்கள், நாங்களும் சறுக்கியிருக்கிறோம். எங்கள் வீட்டு முயல் ஒரு மே மாதக் காலையில் சுருண்டு படுத்திருந்தது. இரவு வைத்த கீரை அப்படியே வாடிக் கிடந்தது. கொண்டைக்கடலை அளவில் இருக்கும் புழுக்கை மிளகாகச் சிறுத்திருந்தது. குடல் இயக்கம் நின்றுபோனதன் அடையாளம் அது. முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம்தான். சம்பளத்துக்கு நான்கு நாள் இருந்த நேரம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கிக்கொண்டுதான் ஓடினோம். பிழைத்துக்கொண்டது. அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

அதனால் முயல் வருவதற்கு முன்பே மாதாமாதம் 2,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதத்தில் 10,000 சேரும். கருத்தடைக்கும் அவசரத்துக்கும் அதுதான் கைமுதல். இதை ஆர்.டி.யில் போட வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கும் எடுக்கிற மாதிரி தனிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். முயல் பார்க்கும் மருத்துவர் உங்கள் பகுதியில் யார், கருத்தடைக்கு எவ்வளவு ஆகும் என்று இப்போதே விசாரியுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் நிறையப் பேர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான், அங்கேயும் கேட்டு வையுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முயல் ஒயரையும் கதவோரத்தையும் கடிக்கும்.

ஆகஸ்ட் என்று சொல்வதற்கு வெயிலும் ஒரு காரணம். முயலுக்கு வியர்க்காது, திருச்சிக் கத்திரியை அது தாங்காது. அதற்காக ஏசி போட்டு, இரு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் விலையே ஏறிவிடும். ஆடிக் காற்று வீசும்போது வந்தால் அதற்கும் வீடு பழக எளிது. அடுத்த கோடைக்கு, ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கப் பழகிவிடுவீர்கள்.

நகைக் கடனுக்கு வருகிறேன். அந்த 40,000 ரூபாயை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள்? பகுதித் தொகை கட்டலாமா என்று வங்கியில் கேட்டு, முடியுமென்றால் இந்த வாரமே கட்டுங்கள். வட்டி 9 சதவீதம் என்று வைத்தாலும் ஐந்து மாதத்தில் 1,500 ரூபாய் மிச்சம். அதுவே கூண்டுக்கான பணம். மீதி 20,000 ரூபாய்க்கு மாதம் 4,000 ஒதுக்க வேண்டும். முயலின் 2,000 இதற்கு மேல் தனி. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் போடக் கூடாது. நான் சொன்ன கணக்கை மகளையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஏதாவது ஒரு மாதம் இரண்டையும் எடுத்து வைக்க முடியவில்லை என்றால் நகைக்கு முதலிடம். அப்படித் தள்ளிப்போனால் முயலைத் தீபாவளிக்குப் பிறகு அழைத்து வாருங்கள். புதிதாக வந்த குட்டிக்கு வெடிச் சத்தம் ஆகவே ஆகாது.