தரம் 6: முதல் மூன்று வாரம்

அன்புள்ள சேர்,

மட்டக்களப்பு மாவட்டத்தில், வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். நியமனம் கிடைத்து ஒரு வருடம் ஆகவில்லை. ஜனவரியில் தரம் 6ஐப் பொறுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார் அதிபர். முதல் நாளே பாடத்தைத் தொடங்காவிட்டால் தவணைக்குள் முடிக்க ஏலாது என்று மற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள். முதல் வாரங்களை எப்படித் திட்டமிடுவது?

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு வாசிக்கும் என்று அறிவதுதான் முதல் மூன்று வாரத்தின் பெரிய வேலை. ஐந்து வரை ஒரே வகுப்பாசிரியரோடு இருந்த பிள்ளைக்கு, ஆறில் மணி அடிக்க அடிக்க வேறு வேறு ஆசிரியர் வருவார். வாசிக்கத் தெரியாததை மறைக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. விஞ்ஞான ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் அதைத் தமிழ்ப் பாடத்தில் கவனித்திருப்பார்கள் என்று நினைப்பார்கள். நீங்கள் பார்க்காவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மற்றவர்கள் நேரசூசியை எழுதிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். தரம் 4 தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். சில பிள்ளைகள் கடகடவென்று சொல்வார்கள். விரலைக் கவனியுங்கள்: விரல் இரண்டாம் வரியில் நிற்கும், வாய் நாலாம் வரிக்குப் போயிருக்கும். அது முழுக்கப் பாடமாக்கியது. நடுவில் ஒரு வரியைத் தொட்டு 'இதை வாசியுங்கோ மகன்' என்றால் பிள்ளை பேசாமல் நிற்கும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எழுத்தே தெரியவில்லையா, 'பந்து' வாசித்துவிட்டு 'கொண்டுபோனான்' வரும்போது கொம்பிலும் காலிலும் தடுமாறுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. ஒரு சின்னக் கொப்பியில் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குக் கேட்க எதுவும் சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை புள்ளி என்று முதல் நாள் கேட்காதீர்கள். நல்ல புள்ளி எடுத்த சிலர் ரவுண் பாடசாலைகளுக்குப் போயிருப்பார்கள். போகாதவர்கள்தான் உங்கள் முன்னால் இருக்கிறார்கள். அது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஜனவரி, மாரி முழுதாக விடாத மாதம். 2011 ஜனவரி வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் பாடசாலைகளே இடைத்தங்கல் முகாம்களாகின. அவ்வளவு வேண்டாம், மண்டூர் வீதியில் தண்ணீர் ஏறினாலே வரவு குறைந்துவிடும். அதனால் நேற்று வந்தவர்களுக்கு மட்டும் விளங்குகிற பாடத்தை இந்த வாரங்களில் வைக்காதீர்கள். ஒரு பாடவேளைக்குள் தொடங்கி முடிகிற கதை, பாட்டு, சொல் விளையாட்டு என்று எடுத்து வையுங்கள். எந்தப் பிள்ளை எந்த வழியால் வருகிறது என்பதையும் பெற்றோரின் போன் நம்பரையும் முதல் வாரமே எழுதி வாங்குங்கள். வழியில் யானை நின்றதால் பிந்தி வந்த பிள்ளையைத் தயவுசெய்து வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

அடுத்தது கொப்பி. பாடநூலை அரசாங்கம் தருகிறது. கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பல வீடுகளில் காசு தேட வேண்டியிருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரையில் அந்தக் காசு நெல் வேளாண்மை வெட்டினால்தான் கைக்கு வரும். பாடத்துக்கு ஒரு கொப்பி என்று முதல் நாளே நீளப் பட்டியல் கொடுத்தால், வாங்க ஏலாத பிள்ளை வெட்கத்தில் வராமல் நிற்கும். வெட்டு முடியும்வரை ஒரே கொப்பியின் முன்பக்கம் ஒரு பாடம், பின்பக்கம் இன்னொன்று என்று எழுதட்டும். மற்ற ஆசிரியர்களிடம் இதைப் பேச வேண்டியது வகுப்பாசிரியரான நீங்கள்தான். புதிய ஆள் என்று தயங்காதீர்கள்.

தைப்பொங்கல் போனால் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி தொடங்கிவிடும். பிள்ளைகள் மைதானத்தில்தான் நிற்பார்கள், நிற்கட்டும். அதற்கு முன் எல்லோருடைய வாசிப்பையும் பார்த்து முடித்துவிடுங்கள்.

பாடத்திட்டம் பிந்தும்தான், அதை மறுக்கவில்லை. சித்திரை விடுமுறைக்குப் பிறகு பிந்திய பாடங்களை ஓட்டிப் பிடிக்கலாம். வாசிக்கத் தெரியாமல் ஆறைக் கடந்த பிள்ளையை ஒன்பதாம் தரத்தில் பிடிப்பது மிகக் கஷ்டம். அதிபர் கேட்டால் அந்தச் சின்னக் கொப்பியைக் காட்டுங்கள்.

வாசிப்புப் பார்த்து முடிந்ததும் எத்தனை பேர் தடுமாறுகிறார்கள், எதில் தடுமாறுகிறார்கள் என்று எழுதுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகளுக்கான சின்னக் கதைகள் என்னிடம் இருக்கின்றன. அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்.