டர்னரின் ‘பனிப்புயல்’: கேள்வி பதில்

முதலில் ஆங்கில ஓவியர் டர்னரின் இந்தப் படத்தின் முழுத் தலைப்பைத் தந்துவிடுகிறேன். ‘பனிப்புயல்: துறைமுக வாயிலுக்கு வெளியே நீராவிக் கப்பல், ஆழம் குறைந்த நீரில் சைகை காட்டி, ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்துச் செல்கிறது. ஏரியல் ஹார்விச்சை விட்டுக் கிளம்பிய இரவில் ஆசிரியர் இந்தப் புயலில் இருந்தார்.’ ‘ஆசிரியர்’ என்பது டர்னர்தான், ஏரியல் கப்பலின் பெயர், ஹார்விச் இங்கிலாந்துத் துறைமுகம். 1842-ல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார். எண்ணெய் வண்ணம், சுமார் 91 × 122 செ.மீ. இப்போது டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கே: சார், எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒரே கலங்கலாத்தான் தெரியுது. கப்பல் எங்கே?

ப: நடுவில் ஒல்லியாக நிற்கும் பாய்மரத்தைப் பிடியுங்கள். அதன் அடியில் இருட்டாகத் தெரிவது கப்பலின் உடலும் பக்கவாட்டுத் துடுப்புச் சக்கரமும். புகைபோக்கியிலிருந்து கிளம்பும் கரும்புகை காற்றில் வளைந்து வானத்துக்குள் போகிறது. அலையும் மேகமும் பனியும் அதே வளைவில் சுழல்கின்றன. கைபேசித் திரையில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பெருக்கினால் தூரிகைத் தடம்தான் தெரியும், சுழல் தெரியாது. கையை நீட்டி, முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பாருங்கள்.

கே: ஈயக்குண்டு போடுறதுன்னா என்ன?

ப: நல்ல கேள்வி, படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. கயிற்றில் தோல், துணி என்று அடையாளங்கள் கட்டியிருக்கும், இருட்டிலும் கையால் தடவி எத்தனை பாகம் என்று சொல்லலாம். ஒரு பாகம் 6 அடி. குண்டின் அடிக்குழியில் கொழுப்பு அப்பியிருப்பார்கள். அதில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்பதைக் கொண்டு எந்த இடம் என்று கணிப்பார்கள். பனி கண்ணை மறைக்கும்போது மாலுமிக்கு அதுதான் கண். வேகமாகப் போனால் குண்டு தரையைத் தொடுமுன் கயிறு பின்னால் சாய்ந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். அதனால் மெதுவாகத்தான் போக வேண்டும். மெதுவாகப் போனால் சுக்கான் சரியாகப் பிடிக்காது. துடுப்புச் சக்கரக் கப்பலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கப்பல் பக்கவாட்டில் உருளும்போது ஒரு சக்கரம் நீருக்கு மேலே வெறுமனே சுற்றும், மற்றது ஆழத்தில் திணறும், கப்பல் திசை மாறிக்கொண்டே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். கலங்கல் என்று தோன்றாது.

கே: அந்த வெள்ளை வெளிச்சம் மின்னலா?

ப: தலைப்பைப் படியுங்கள். கப்பல் காட்டும் சைகை வெளிச்சம்.

கே: டர்னரைப் பாய்மரத்தில் கட்டி வைத்தது உண்மையா அண்ணா?

ப: மாலுமிகளிடம் சொல்லித் தன்னைக் கட்டச் சொன்னதாகவும், 4 மணி நேரம் அப்படியே இருந்ததாகவும் டர்னர் கூறினார் என்று கலை விமர்சகர் ரஸ்கின் பதிவு செய்திருக்கிறார். அதுவும் இன்னொருவர் வழியாகக் கேட்டது. 1842-ல் டர்னருக்கு 67 வயது. ஹார்விச்சிலிருந்து கிளம்பிய ஏரியல் எதுவும் ஆய்வாளர்களுக்குச் சிக்கவில்லை. வெர்னே என்ற பிரெஞ்சுக் கடலோவியரைப் பற்றியும் இதே கதை முன்பே உலவியது. நான் நம்பவில்லை.

கே: அவரே சொன்னதை எப்படி மறுக்கிறீங்க? பார்க்காதவன் இப்படி வரைய முடியுமா?

ப: புயலைப் பார்க்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆயுள் முழுக்கக் கடற்பயணம் செய்து குறிப்பேடுகளை நிரப்பியவர். கட்டப்பட்டாரா என்பது மட்டும்தான் கேள்வி.

கே: தலைப்பிலேயே ‘ஆசிரியர் இருந்தார்’னு இருக்கே, அது பொய்யா?

ப: அந்த வரி பார்வையாளனைக் கப்பலுக்குள் ஏற்றுகிறது. படத்தில் கால் ஊன்றக் கரை இல்லை, மட்டமான தொடுவானம் இல்லை. அந்த வேலையைச் செய்யக் கயிற்றுக் கட்டு தேவையில்லை. கயிற்றைப் பற்றி இத்தனை பேர் கேட்கிறீர்கள், ஈயக்குண்டைப் பற்றி ஒருவர்தான் கேட்டார்.

கே: இதைப் பார்த்து வரைய ஆசை. எப்படித் தொடங்குவது?

ப: 18 × 24 அங்குலக் கேன்வாஸ் எடுங்கள், மூலத்தின் 3:4 விகிதம் சரியாக வரும். வெள்ளைத் தளமே இருக்கட்டும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீராகக் கரைத்து, தோளிலிருந்து கையை வீசிச் சுழலை முதலில் போடுங்கள், கப்பலைக் கடைசியில் வையுங்கள். கப்பலில் தொடங்கினால் சுழல் அதைச் சுற்றிய அலங்காரமாகிவிடும். அடுக்கு காய்ந்ததும் டைட்டானியம் வெள்ளையை ஓவியக் கத்தியால் இழுங்கள். மேலடுக்குக்குப் போகப் போக எண்ணெய் கூடலாம், குறையக் கூடாது. அடியில் எண்ணெய் அதிகமானால் மேலடுக்கு முதலில் இறுகி வெடிக்கும்.

வார்னிஷைச் சாயத்தோடு கலக்காதீர்கள். டர்னர் காலத்தில் மாஸ்டிக் பிசின் வார்னிஷும் ஈயம் சேர்த்த லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் கலந்த ‘மெகில்ப்’ என்ற கூழ் புழக்கத்தில் இருந்தது. உடனே பளபளக்கும். பிறகு பழுப்பேறும், வெடிக்கும், சுத்தம் செய்யும்போது கரைப்பானில் சாயமும் சேர்ந்து கரையும். இன்றைக்குச் சாயத்தோடு கலக்க, சீக்கிரம் காயும் ஆல்கைட் மீடியம் போதும்.

கே: பளபளப்புக்கு டம்மர் வார்னிஷ் கொஞ்சம் கலக்கலாமா?

ப: கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

கே: ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் ‘ஒன்பதாம் அலை’ இதைவிட நல்லா இல்லையா?

ப: அது 1850-ல் வந்த படம், 3 மீட்டருக்கு மேல் அகலம். விடியலில், உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தவர்கள். அங்கே அலைக்குள் ஒளி ஊடுருவுவதைப் பார்க்கலாம். வேறு நாளில் தனியாகக் கேளுங்கள், நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கே: வரைந்த படத்துக்கு வார்னிஷ் எப்போ பூசலாம்?

ப: மெல்லிய அடுக்குக்கு 6 மாதம். கத்தியால் அப்பிய வெள்ளைக்கு ஒரு வருடமாவது. தடித்த இடத்தை நகத்தால் மெல்ல அழுத்துங்கள், பள்ளம் விழுந்தால் உள்ளே இன்னும் காயவில்லை.